வயலின் முடியட்டும் என்று இருந்தேன்

போன மாதம் கழுகுமலையிலிருந்து என் மகள் வந்திருந்தாள். பெற்ற மகள் இல்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் மகள். நாலு வயதிலிருந்து நான் வளர்த்தவள், என்னைச் சித்தி என்று கூப்பிடுவாள். அவளுக்கே இப்போது ஐம்பது நெருங்குகிறது. வந்து உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு, என் காது மிஷினுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டாள்.

"சித்தி, எங்கம்மா செத்த அன்னைக்கு நம்ம தேட்டர்ல என்ன படம் ஓடுச்சு?"

கேட்காத மாதிரி தலையை ஆட்டினேன். காது போனவர்களுக்கு இந்த ஒரு வசதி உண்டு. எதிரில் இருப்பவர்கள் இரண்டு தரம் கேட்டுப் பார்ப்பார்கள், பிறகு சலித்துப்போய் விட்டுவிடுவார்கள். அவள் விடவில்லை.

"பழைய படத்துல வார மியூசிக்க மட்டும் தனியா எடுத்துப் போன்ல போடுதாங்க சித்தி இப்ப. பாட்டு இல்ல, பின்னால வாசிப்பாங்கள்லா, அது. படத்துப் பேரச் சொல்லுங்க, தேடிருவேன்."

"எதுக்கு இப்ப அது?"

"எங்கம்மா கடைசியாக் கேட்டது அதுதான? அதையாவது ஒருதரம் கேப்பமே."

அவளிடம் அம்மாவின் படம் ஒன்றுதான் இருக்கிறது. கல்யாணத்தில் எல்லாரும் நின்று எடுத்தது. அதிலும் அம்மா குனிந்திருப்பாள், வகிடு மட்டும் தெரியும். குரல் எப்படி என்று அவளுக்கு நினைவில்லை. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, "எங்கம்மா எப்படிப் பேசுவா சித்தி?" என்று கேட்பாள். "நல்லாப் பேசுவா" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொள்வேன்.

அவள் அம்மா கடைசியாகக் கேட்ட இசை எதுவென்று எனக்குத் தெரியும். அவள் அம்மாவின் குரலைக் கடைசியாகக் கேட்டதும் நான்தான். இதை இத்தனை வருடத்தில் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. போலீஸ்காரர் கேட்டார், அவள் அப்பா கேட்டார், என் வீட்டுக்காரர் கேட்டார். எல்லாருக்கும், "எனக்கு ஒண்ணும் கேக்கல" என்ற ஒரே பதில்தான். நான் வாயில்லாப் பூச்சி என்று பேர் எடுத்தவள். யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

அது பொய். எனக்குக் கேட்டது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தவள் நான். பிழை இருக்கும். ஆனாலும் பேசுவதைவிட எழுதுவது எனக்கு லேசு. எழுதும்போது எதிரில் ஒரு முகம் இருப்பதில்லை.

நான் வாழ்க்கைப்பட்டு வந்தது கோவில்பட்டியில் ஒரு தியேட்டருக்குப் பின்னால் இருந்த காம்பவுண்டு வீட்டுக்கு. வரிசையாக நாலு குடித்தனம், பொதுவாக ஒரு முற்றம், ஒரு கிணறு. முற்றத்தின் கடைசிச் சுவரே தியேட்டரின் பின்சுவர். அந்தச் சுவருக்கு உள்பக்கம் திரை. திரைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர். காசு கொடுத்துப் படம் பார்க்கிறவர்களைவிட எங்களுக்குத்தான் ஸ்பீக்கர் பக்கம்.

அண்ணனும் தம்பியும் மில்லில் வேலை. நானும் அக்காவும் வீட்டிலிருந்து தீப்பெட்டி ஒட்டினோம். அக்கா என்பது என் ஓரகத்தி, இந்த மகளைப் பெற்றவள். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து மரப்பட்டையும் நீலத்தாளும் வாங்கிவந்து, பசை காய்ச்சி, பெட்டி ஒட்டி, சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். மேட்னி தொடங்கும்போது தியேட்டர் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தால் படம் முடியும்வரை எழுந்திருக்க மாட்டோம். சுவர் அதிரும். சண்டைக்காட்சி என்றால் முதுகெலும்பில் தெரியும்.

எங்கள் காம்பவுண்டில் கடிகாரம் பார்த்து வேலை செய்ததில்லை. ஒரு படம் வந்து மூன்று நாள் ஆனால் எந்தச் சத்தம் எப்போது வரும் என்று எல்லார் வீட்டுக்கும் மனப்பாடம் ஆகிவிடும். "கோர்ட் சீன் வந்திருச்சு, ஒலய வைக்கணும்" என்று ஒருத்தி எழுந்து போவாள். "இன்னும் அவன் சாகலயே, அதுக்குள்ள என்ன அவசரம்" என்று இன்னொருத்தி உட்கார வைப்பாள். யாராவது உள்ளே அலறினால் எங்கள் காம்பவுண்டுக் கைக்குழந்தைகூடத் திரும்பிப் பார்க்காது.

அக்காவுக்குப் படம் பார்க்கிற பித்து உண்டு. புதுப்படம் வந்த வாரம் ஒரு தரம் போய்விடுவாள். எனக்குக் கூட்டத்தில் போய் உட்காரக் கூச்சம். டிக்கெட் எடுக்க வரிசையில் நிற்பதை நினைத்தாலே கை வேர்க்கும். அதனால் அக்கா பார்த்துவிட்டு வந்து, மறுநாள் சுவரடியில் உட்கார்ந்து எனக்குக் கதை சொல்வாள். எந்தச் சத்தத்துக்கு என்ன படம் என்று அவள் சொல்லித்தான் தெரியும். ஒரு படத்தில் நாலு நாளாகக் குதிரை ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"குதிரயா? ஏட்டி, அது ரயிலுட்டி!"

"டக்கு டக்குன்னுதானக்கா வருது?"

"அவ ரயிலுக்குப் பின்னால ஓடுதா. அவ நெஞ்சு அடிக்கித சத்தம் அது. ஒனக்குக் குதிரயாத் தெரிஞ்சுதாக்கும்! நல்லாப் பாத்த போ, படம்!"

நாள் முழுக்கச் சிரித்தாள். பெட்டி கொடுக்கப் போன இடத்தில் முதலாளி வீட்டு அம்மாளிடமும் சொல்லிச் சிரித்தாள். எனக்குக் கோபம்தான். ஆனால் அந்தச் சத்தம் ஓடுகிறவளின் நெஞ்சு என்று தெரிந்த பிறகு அதை வேறு மாதிரி கேட்டேன். நெஞ்சு அடிப்பதை மேளத்தில் வாசிக்கலாம் என்று ஒரு மனுஷனுக்குத் தோன்றியிருக்கிறதே என்று இருந்தது.

எல்லாருக்கும் பிடித்தது பாட்டு. எனக்குப் பாட்டு முடிந்த பிறகு வருவதுதான் பிடிக்கும். ஒருத்தி கதவைத் திறக்கிறாள், உள்ளே யாரும் இல்லை, அப்போது பின்னால் மெதுவாக ஏதோ வாசிப்பார்களே, அது. பாட்டு டீக்கடை ரேடியோவில் வரும், கல்யாண வீட்டுக் குழாயில் வரும். இது எங்கேயும் வராது. வியாழக்கிழமையோடு படம் முடிந்து, வெள்ளிக்கிழமை படப்பெட்டியை பஸ்ஸில் ஏற்றும்போது, அந்த வயலினும் புல்லாங்குழலும் ஏறிப்போகிறது என்று நினைப்பேன். எந்த ஊருக்குப் போகுமோ. நமக்கு இனி இல்லை.

இசையமைத்தவர்கள் பேர் போஸ்டரில் இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்குத் தெரியும். இருந்தாலும் நாங்களாக வைத்த பேர்தான் வாயில் வந்தது. ஒருவர் மழைக்காரர். முதலில் இங்கே ஒரு சொட்டு, அங்கே ஒரு சொட்டு என்று வயலின் விழும், பிறகு ஒரேயடியாக ஊற்றும். இன்னொருவர் சந்தைக்காரர். ஒருத்தி சும்மா காபி கொண்டுவந்தாலும் ஊதுகிறது, தட்டுகிறது எல்லாவற்றையும் இறக்கிவிடுவார், மாட்டுச்சந்தை மாதிரி இருக்கும். மூன்றாமவர் கிணத்துக்காரர். அந்தப் பேர் அக்கா வைத்தது. ரொம்ப நேரம் ஒன்றுமே வாசிக்க மாட்டார். படம் நின்றுவிட்டதோ என்று நினைக்கும்போது எங்கேயோ ஆழத்திலிருந்து ஒரே ஒரு புல்லாங்குழல் மேலே வரும்.

"கெணத்துக்குள்ள எறங்குனவன் தனியாப் பாடுத மாதிரில்லா இருக்கு" என்றாள் அக்கா.

எனக்குப் பிடித்தவர் கிணத்துக்காரர்தான். மற்றவர்கள் அழுகிற கட்டம் வந்தால் நமக்கு முன்னால் அவர்கள் அழுதுவிடுவார்கள். இவர் பொறுத்திருப்பார். நாம் அழுத பிறகுதான் பக்கத்தில் வந்து உட்காருவார்.

அந்த வருடக் கோடையில் வந்த படம் அவருடையது. பேரை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. படத்தில் ஒரு கட்டம். மலையில் இந்தப் பக்கம் ஒரு பெண், அந்தப் பக்கம் அவள் தேடுகிற ஆள். முதலில் புல்லாங்குழல் வரும். பிறகு ஒன்றும் இல்லை, வெறும் காற்று. பிறகு அவள் "ஏ..." என்று நீளமாக ஒரு கூப்பாடு போடுவாள். அது முடிந்த இடத்தில் வயலின்கள் தொடங்கும். இருபது முப்பது பேர் வாசித்திருப்பார்கள் போல. அதில் ஒரே ஒருத்தர், நடுவில் ஓர் இடத்தில் மட்டும், மற்றவர்களுக்கு ஒரு மயிரிழை பிந்தி வருவார். தவறா, வேண்டுமென்றே வாசித்ததா என்று தெரியாது. எல்லாரும் திரும்பிப் போன வழியில் ஒருத்தர் மட்டும் ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுப் போகிற மாதிரி இருக்கும். அக்காவிடம் சொன்னேன். அவளுக்குக் கேட்கவில்லை.

"ஒனக்குப் பாம்புச் செவி" என்றாள்.

மூன்று வாரம் ஓடியது. தினமும் மேட்னியில் அந்த இடத்துக்காகக் காத்திருப்பேன்.

கோடையில் எங்கள் கிணற்றில் முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர் கிடக்கும். மேலிருந்து வாளி விட்டால் சேறுதான் வரும். ஒருத்தி உள்ளே இறங்கி, ஊறுகிற தண்ணீரைத் தேங்காய்ச் சிரட்டையால் கோரி வாளியில் ஊற்றவேண்டும். நிரம்பியதும் கூப்பிடுவாள். மேலே இருப்பவள் கயிற்றை இழுக்கவேண்டும். மேலே ஆள் இல்லாமல் இறங்கக்கூடாது என்பது காம்பவுண்டில் எல்லாரும் பேசி வைத்த கட்டு. ஆனால் ஒரு வாளி நிரம்ப அரை மணி ஆகும். அதுவரை மேலே சும்மா நின்றால் பெட்டி யார் ஒட்டுவது? அதனால் நானும் அக்காவும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். அவள் உள்ளே இருப்பாள், நான் சுவரடியில் உட்கார்ந்து ஒட்டுவேன். அவள் கூப்பிட்டால் எழுந்து போய் இழுப்பேன். கிணற்றுக்கும் சுவருக்கும் இருபது எட்டு வைக்கிற தூரம் இருக்கும்.

அந்தப் படம் வந்த பிறகு அக்கா வாளிக்குக் கூப்பிடுவதையும் மலைக்காரி மாதிரியே கூப்பிட ஆரம்பித்தாள். உள்ளே இருந்து "ஏ..." என்று இழுப்பாள். நான் போய் எட்டிப் பார்த்தால் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முகமெல்லாம் சேற்றுப் புள்ளியோடு சிரித்துக்கொண்டு நிற்பாள்.

"எப்பிடி, அவளவிட நல்லாக் கூப்பிடுதேனா?"

"ஆமா, ஒங்களத்தான் தேடுதாங்களாம் படத்துல நடிக்க. வாளிய மாட்டுங்கக்கா."

அன்றைக்கு வியாழக்கிழமை. மறுநாள் படம் மாறுகிறது. மத்தியானம் கொஞ்ச நேரம் கரண்டு போய் வந்தது. மகள் பால்வாடிக்குப் போயிருந்தாள். ஆண்கள் மில்லில். மற்ற வீட்டுப் பெண்கள் தீப்பெட்டி ஆபீஸில். கடைசி வீட்டில் மட்டும் காய்ச்சலில் ஒரு அம்மாள் படுத்திருந்தார். அக்கா சேலையைச் செருகிக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"எறங்குதேன். கூப்பிட்டாக் கேக்கும்லா?"

"கேக்கும்க்கா."

"படத்துல மயங்கிக் கெடந்துராத. இன்னைக்கு ஒனக்குக் கடைசி நாளுல்லா."

அதுதான் அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

புல்லாங்குழல் தொடங்கியிருந்தது. நான் ஒட்டுவதை நிறுத்தாமல் காதை மட்டும் சுவரில் வைத்திருந்தேன். புல்லாங்குழலின் பாதியிலேயே அந்தக் கூப்பாடு கேட்டது. "ஏ" என்று. இன்றைக்கு முந்தி வந்துவிட்டதே என்று நினைத்தேன். கரண்டு போய் வந்த நாளில் சாயங்கால முதல் ஆட்டத்துக்கு நேரம் பற்றாது என்று ஆபரேட்டர் நடுவில் வெட்டிவிடுவார். இன்றைக்கும் வெட்டிவிட்டார் என்று மனசு சொன்னது. வெட்டியிருந்தால் புல்லாங்குழல் நின்றிருக்கவேண்டுமே, அது நிற்கவில்லையே என்று காது சொன்னது. நான் மனசு சொன்னதை எடுத்துக்கொண்டேன்.

புல்லாங்குழல் முடிந்தது. காற்று வந்தது. பிறகு படத்தில் அவள் கூப்பிட்டாள். நீளமாக, எப்போதும் போல.

அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. முதலில் கேட்டது படத்தில் இல்லை. அக்கா கூப்பிட்டிருக்கிறாள். பசைக் கையைச் சேலையில் துடைத்தேன். அதே நேரம் வயலின் தொடங்கியது.

நாளைக்கு இது பஸ் ஏறிவிடும். வாளி எங்கே போகப்போகிறது, அக்கா சத்தம் போடுவாள், போட்டுக்கொள்ளட்டும். வயலின் முடியட்டும் என்று இருந்தேன். பிந்தி வருகிறவர் வந்தார். அதையும் கேட்டேன். கடைசி வயலின் அடங்குகிறவரை கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

கிணற்றுச் சுவரில் ஏறி இறங்க அடித்திருந்த இரும்புப் படியில் ஒன்று பெயர்ந்து தண்ணீரில் கிடந்தது. அக்கா குப்புறக் கிடந்தாள். முழங்கால் தண்ணீர்தான். அதற்குள் முகம். வாளியில் பாதிகூட இல்லை. அவள் வாளிக்குக் கூப்பிடவில்லை.

நான் கத்தினேன். எத்தனை தரம் என்று தெரியாது. யாரும் வரவில்லை. கடைசி வீட்டு அம்மாள் பிறகு வாயில் அடித்துக்கொண்டு சொன்னார், "படத்துலதான் கத்துதாவன்னு நெனச்சிட்டனே." தெருவுக்கு ஓடி டீக்கடையில் நின்றவர்களைக் கூட்டிவந்தேன். அவர்கள் இறங்கித் தூக்கினார்கள். தூக்கும்போது உள்ளே இடைவேளை விட்டு, வெளியே கடலைமிட்டாய் விற்கிற சத்தம் கேட்டது.

கடைசி வீட்டு அம்மாள் சொன்னதை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். தியேட்டர் பக்கம் குடியிருந்தால் அப்படித்தான், பாவம், யாரைக் குறை சொல்ல. அந்த வார்த்தைக்குள் நானும் போய் ஒளிந்துகொண்டேன். நானும் படம் என்று நினைத்தேன் என்றுகூடச் சொல்லவில்லை. சொன்னால் எந்த இடம், எப்போது என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். ஒன்றுமே கேட்கவில்லை என்றேன். எனக்குப் பாம்புச் செவி என்று அவள் சொன்னது வேறு யாருக்கும் தெரியாதே.

அவள் அப்பா அடுத்த வருடமே தூத்துக்குடிப் பக்கம் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டார். மகள் என்னிடம் நின்றாள். எனக்குப் பிள்ளை இல்லை. ஊர் என்னைப் பெரிய மனசுக்காரி என்றது.

அதற்குப் பிறகு நான் சுவரடியில் உட்கார்ந்ததில்லை. வீட்டுக்கு முன்பக்கம் உட்கார்ந்து ஒட்டினேன். சத்தம் அங்கேயும் வரத்தான் செய்தது. புதுப்புது ஆட்கள் வந்தார்கள். மிஷினில் வாசிக்கிறவர்கள், அடிவயிறு அதிர அடிக்கிறவர்கள். பேர் வைக்க ஆள் இல்லை. பிறகு தியேட்டர் மூடினார்கள், இடித்தார்கள், கல்யாண மண்டபம் கட்டினார்கள். கிணற்றை சிமெண்டு சிலாப் போட்டு மூடி, மேலே பிளாஸ்டிக் தொட்டி வைத்தாயிற்று. என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்தார். நான் மட்டும் அதே வீட்டில் இருக்கிறேன். மகள் கழுகுமலையில் கட்டிக்கொடுத்த இடத்தில் நன்றாக இருக்கிறாள். மாதம் ஒரு தரம் வருவாள். வரும்போது கடம்பூர் போளி வாங்கிவருவாள், எனக்குப் பல் இல்லாததால் மென்மையாக இருக்கட்டும் என்று.

நாலு வருடத்துக்கு முன்னால் காது குறைய ஆரம்பித்தது. திருநெல்வேலியில் டாக்டர் மிஷின் கொடுத்தார். பேச்சு கொஞ்சம் கேட்கிறது. இசை கேட்பதில்லை. தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி இருக்கிறது. அதைக் கழற்றி வைத்தால் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். அப்படியும் இல்லை. மிஷின் இல்லாதபோது காதுக்குள் தானாக அந்த வயலின் வாசிக்கிறது. டாக்டரிடம் சொன்னேன். காது கேட்காமல் போகிறவர்களில் சிலருக்கு அப்படி வரும், மூளை பழைய சத்தத்தை எடுத்துப் போடும், பயப்பட வேண்டாம் என்றார். மழைக்காரர் வாசித்தது எத்தனையோ கேட்டிருக்கிறேன். அதில் ஒன்றைப் போடக்கூடாதா?

மகள் மறுபடியும் கேட்டாள்.

"யோசிச்சுப் பாருங்க சித்தி. ஒரு சீனாவது ஞாபகம் இருக்கும்லா?"

படத்தின் பேரைச் சொன்னேன். அவள் போனில் தட்டினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "இந்தா வந்திருச்சு" என்றாள். நான் இனி இல்லை என்று நினைத்து உட்கார்ந்து கேட்டது, அவள் உள்ளங்கையில் கிடந்தது. எத்தனை தரம் வேண்டுமானாலும் கேட்கலாமாம்.

அவள் போனை என் மிஷினுக்குப் பக்கத்தில் வைத்தாள். கல் உருண்டது. புல்லாங்குழலா, காற்றா, ஒன்றும் பிரியவில்லை. திடீரென்று அந்தக் கூப்பாடு மட்டும் தெளிவாகக் கேட்டது. மிஷின் மனுஷக் குரலுக்காகச் செய்தது அல்லவா? நான் அவள் கையைப் பிடித்து போனைக் கீழே இறக்கினேன்.

சொன்னேன். இங்கே எழுதியிருக்கிற எல்லாவற்றையும் இந்த வரிசையில்தான் சொன்னேன். என் குரல் எவ்வளவு உயர்ந்தது, எவ்வளவு தாழ்ந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தரையில் போளிப் பொட்டலத்தின் நூல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். இன்னொன்றையும் சொன்னேன். படத்துக்காரி கூப்பிடுவது நீளம், அன்று முதலில் கேட்டது நீளம் இல்லை, பாதியில் நின்றது, அது நின்றதும் எனக்குத் தெரிந்தது என்று.

அவள் போனை எடுத்து, கூப்பாடு முடிகிற இடத்தில் வைத்து, மறுபடியும் ஓடவிட்டாள். தன் காதோடு வைத்துக்கொண்டாள். போனின் பின்பக்கம்தான் எனக்குத் தெரிந்தது. அவள் கண் ஒரே இடத்தில் நின்றது. எனக்குள்ளும் அது ஓடிக்கொண்டிருந்ததால் எந்த இடம் வந்திருக்கும் என்று எனக்கே தெரிந்தது. அந்த இடத்தில் அவள் தலை லேசாக அசைந்தது.

முடிந்ததும் போனைத் திருப்பி, அது எவ்வளவு நேரம் ஓடியது என்று பார்த்தாள். எனக்கும் காட்டினாள். இரண்டு நிமிஷமும் கொஞ்சமும்.

"ஒருத்தர் பிந்தி வாராரு" என்றாள்.

"ஆமா."

"அதையும் கேட்டுட்டா வந்தீங்க?"

"ஆமாம்மா."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டுவாள் என்று நாற்பது வருடத்துக்கு மேலாகக் காத்திருக்கிறேன். அவள் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து, வந்து உட்கார்ந்ததும் கேட்ட மாதிரியே ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"எங்கம்மா எப்படிக் கூப்பிட்டா? கூப்பிட்டுக் காமிங்க."

"வேண்டாம்மா."

"அந்தக் கொரலு ஒங்ககிட்டத்தான இருக்கு. எனக்கு வேற யாரு காமிப்பா? கூப்பிடுங்க."

வாழ்க்கையில் நான் சத்தம் போட்டது அந்த ஒரு நாள்தான். ஆனாலும் வாயைத் திறந்தேன். எனக்குள் இருந்ததை அப்படியே வெளியே விட்டேன். பாதியில் எங்கே நின்றதோ அங்கே நிறுத்தினேன். எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. மிஷினில் ஒரு கீறல் கேட்டது, அவ்வளவுதான். மகளின் முகத்தில்தான் பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதே நேரம் வாசல் கதவு சுவரில் அடித்தது. அடுத்த வீட்டில் புதிதாகக் குடிவந்திருக்கிற பெண், சப்பாத்தி மாவு ஒட்டிய கையோடு உள்ளே நின்றாள். ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. ஒரு காலில்தான் செருப்பு.

"என்னாச்சு ஆச்சி? விழுந்திட்டீங்களா? கூப்பிட்ட சத்தம் கேட்டுச்சே?"

அவள் என்னைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், மாவுக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் தூக்கியபடி நின்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. நீ போ" என்றாள் மகள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து வாசல்வரை இருந்த தூரத்தை ஒரு தரம் கண்ணால் அளந்தாள். பைக்குள் போனைப் போட்டுக்கொண்டு, நாலரை மணி பஸ்ஸுக்கு என்று எழுந்தாள். போளிப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு தட்டில் எடுத்து வைத்துவிட்டுப் போனாள்.

இந்த மாதம் அவள் வரவில்லை. மிஷினைக் கழற்றி மாடத்தில் வைத்திருக்கிறேன். வயலின் வாசித்துக்கொண்டே இருக்கிறது. தொடங்கும்போதே எழுந்துவிடுகிறேன், முற்றத்தைத் தாண்டி கிணற்று சிலாப்வரை போய் நிற்கிறேன். வீட்டுக்குள்ளிருந்தும் இருபது எட்டுதான். இந்தக் காலிலும் அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பிந்தி வருகிறவர் அதற்குப் பிறகுதான் வருகிறார்.